ராட்டினத்தில் உங்களை ஏன் பாதியில் தொங்கவிடுகிறார்கள்?

(திரையில்: இரவு. குடியாத்தம் திருவிழா. வண்ண விளக்குகளோடு ஒரு ராட்சத ராட்டினம். உச்சியில் ஒரு பெட்டி மட்டும் ஆடிக்கொண்டு நிற்கிறது.)

ராட்டினத்தில் ஏறி உட்காருகிறீர்கள். குறுக்குக் கம்பியைப் போட்டுக் கொக்கி மாட்டுகிறார்கள். உடனே சுற்றுவார்கள் என்று பார்த்தால், உங்களைக் கொண்டுபோய் உச்சியில் நிறுத்திவிட்டுக் கீழே வேறு ஆளை ஏற்றுகிறார்கள். காற்றில் பெட்டி ஆடுகிறது. கீழே அத்தை சிரித்துக்கொண்டே கை காட்டுகிறார். இதில் இன்னொரு எரிச்சல், உங்களுக்கு அடுத்த பெட்டி காலியாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு எங்கேயோ எதிர்ப்பக்கத்தில் இருக்கிற பெட்டியை நிரப்புவார்கள்.

வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். ஏன் என்று இந்த வீடியோவில் சொல்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும்? என் தாய்மாமா ராட்டினம் வைத்திருந்தார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்றைக்கு நாம் நாலு மாவட்டமாகச் சொல்வதெல்லாம் அவருக்குக் கடைசி வரை ‘வடாற்காடு’தான். 1989-ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மட்டும் மூன்றாக்கினார்கள். அவர் லாரிக்கு அந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் அந்த லாரியில் தொற்றிக்கொள்வேன். டிக்கெட் கிழித்திருக்கிறேன், கிரீஸ் அடித்திருக்கிறேன், ஒரு தடவை பெரிய தப்பும் செய்திருக்கிறேன். அது பின்னால் வருகிறது.

(திரையில்: லாரி, இரும்புச் சட்டங்கள், மேலே தார்ப்பாய்.)

ராட்டினக்காரருக்குக் காலண்டர் என்பது கோயில்தான். பொங்கல் முடிந்த கையோடு மயிலார் பண்டிகையும் காளை விடும் விழாக்களும். சித்ரா பௌர்ணமிக்கு வேலூரில் பூப்பல்லக்கு. ஆடி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஒரு பக்கம், கிருத்திகைக்கு வள்ளிமலையும் ரத்தினகிரியும் இன்னொரு பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பாலும் பெயின்ட் அடித்துக்கொண்டு, பேரிங் மாற்றிக்கொண்டு சும்மா கிடக்க வேண்டியதுதான். சும்மா என்றால் வருமானம் சும்மா. வேலை சும்மா இருக்காது.

இதற்கெல்லாம் நடுவில் நிற்பது குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் தேதி, தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வரும். ஆந்திரா, கர்நாடகாவில் இருந்தெல்லாம் ஜனம் வரும். சரியாகக் கத்திரி வெயிலின் நடுவில் வரும் திருவிழா இது. வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி என்பது சாதாரணம். அந்த வெயிலில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அதனால் மாட்டுகிற வேலையெல்லாம் விடியற்காலையில் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடியும். மீதி, வெயில் சாய்ந்த பிறகு. நடுப்பகலில் லாரிக்கு அடியில் தூக்கம், களியும் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும். மாலையில் முதல் ஆள் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவோம். இல்லாவிட்டால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவார்கள்.

அனுமதி விஷயம் ஒன்று இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, வருவாய்த்துறை, மின்சாரம் என்று காகிதம் காகிதமாக அலைய வேண்டும். அது தனி வீடியோ. இப்போது தரைக்கு வருவோம்.

(திரையில்: வெற்று மைதானம். ஒருவர் குதிகாலால் மண்ணை மிதித்துப் பார்க்கிறார்.)

மாமா இடத்துக்குப் போனதும் முதலில் செய்வது இதுதான். மேலே பார்க்க மாட்டார், கீழே பார்ப்பார். ஆற்றோரம் என்றால் மணல். அறுவடை முடிந்த வயல் என்றால் மேலே காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே ஈரம். இரும்புக் காலை அப்படியே வைத்தால் ராத்திரிக்குள் புதைந்துவிடும். அதற்குத்தான் கட்டைகள், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுவது மாதிரியான கனத்த கட்டைகள்.

கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். ராட்டினமும் ஆட்களும் சேர்ந்து 8 டன், கால்கள் நாலு. ஒரு காலுக்கு 2 டன். அந்தக் காலின் தகடு ஒரு சதுர அடி என்றால், அந்த ஒரு சதுர அடி மண் 2 டன்னையும் தாங்க வேண்டும். அதே காலுக்கு அடியில் எட்டுச் சதுர அடிக்குக் கட்டை பரப்பினால்? சதுர அடிக்குக் கால் டன்தான். பாரம் குறையவில்லை, மண்ணுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது மட்டம். 50 அடி உயர ராட்டினம் அடியில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், உச்சி பத்து அங்குலம் தள்ளிப்போகும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கட்டைக்குச் சரி. இருபதடி தள்ளி இருக்கும் இரண்டு காலுக்குப் போதாது. அதற்குக் குழாய் மட்டம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர். ஒரு முனை இந்தக் காலில், இன்னொரு முனை அந்தக் காலில். இரண்டு முனையிலும் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் மட்டம். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் கவலை இல்லை. டியூபில் ஒரு காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது, இருந்தால் கணக்குத் தப்பும். குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றுவது என் வேலை. அரை மணி நேரம் தட்டியதும் உண்டு.

அப்புறம் தூண்கள், நடு அச்சு, ஆரங்கள், வளையம், பெட்டிகள். செயின் பிளாக் போட்டுத் தூக்கி, சட்டத்துக்குச் சட்டம் போல்ட் போட்டு முடிக்க ஒன்றரை நாள் ஆகும். முடித்ததும் மாமா கையில் சின்னச் சுத்தி எடுத்துக்கொண்டு ஏறுவார். ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு தட்டு. இறுகியிருந்தால் ‘டங்’ என்று கேட்கும். ‘டப்’ என்று அமுங்கிக் கேட்டால் ஸ்பேனர் கேட்டுக் கையை நீட்டுவார். பிறகு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. மறுநாள் கோடு உடைந்து தெரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து ரூபாய் பெயின்ட்டில் ஒரு காவல்காரன்.

(திரையில்: ராட்டினத்தின் படம். பன்னிரண்டு பெட்டிகளுக்கும் எண்கள்.)

சரி, இப்போது நம் கேள்வி. இதில் பன்னிரண்டு பெட்டி. நீங்கள் ஒன்றாம் பெட்டியில். அடுத்து இரண்டை நிரப்பாமல் ஏழாம் பெட்டிக்குப் போகிறார்கள். பிறகு நாலு, அப்புறம் பத்து. ஏனென்றால் ராட்டினம் ஒரு தராசு. மளிகைக் கடைத் தராசுக்கு இரண்டு தட்டு, இதற்குப் பன்னிரண்டு.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏற்றினால் என்ன ஆகும்? பெட்டிக்கு நாலு பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால், மூன்று பெட்டியில் 720 கிலோ ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் காலி. அந்த 720 கிலோவும் கீழே வரத்தான் பார்க்கும். பிடித்து வைத்திருப்பது பிரேக் ஒன்றுதான். அதை மேலே ஏற்ற மோட்டார் முக்கும், இறங்கும்போது பாய்ந்து இறங்கும். எதிரெதிராக ஏற்றினால் ஒரு பக்கத்து எடை இன்னொரு பக்கத்து எடையைச் சமன் செய்துவிடும். மோட்டாருக்கு மிஞ்சுவது பேரிங்கின் உராய்வும் கொஞ்சம் ஏற்ற இறக்கமும்தான். எங்கள் ராட்டினத்தின் மோட்டார், கிணற்றுக்குப் போடுகிற மோட்டாரைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அவ்வளவு இரும்பையும் நாற்பத்தெட்டு பேரையும் அது சுற்றியது என்றால், அந்தப் பெருமையில் பாதி ஏற்றி உட்கார வைத்தவருக்கு.

ஆனால் திருவிழாவில் யாரையும் எடை மிஷினில் நிறுத்த முடியாதே? இங்கேதான் கண் வேலை செய்யும். வரிசை நகரும்போதே மாமா ஆட்களை அளந்துவிடுவார். அவரிடம் இரண்டே வார்த்தை: பிள்ளைகள் நிறைந்த பெட்டி ‘பஞ்சு’, பெரியவர்கள் பெட்டி ‘மூட்டை’. “ஒண்ணுல மூட்டை, ஏழுல மூட்டை போடு. பஞ்சு வந்தா நிறுத்தி வை” என்று கத்துவார். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. புரிந்தால் அடி விழுந்திருக்கும்.

பெரிய தலைவலி குடும்பங்கள்தான். எட்டுப் பேராக வந்து பக்கத்துப் பக்கத்துப் பெட்டி கேட்பார்கள். மாமா சளைக்க மாட்டார். “யம்மா, நீ புள்ளைங்களோட இந்தப் பெட்டில உக்காரு, அண்ணன் எதிர்ப் பெட்டில உக்காரட்டும். சுத்தும்போது ரெண்டு பேரும் மூஞ்சிய பாத்துக்கலாம்.” புதுசாகக் கல்யாணமானவர்களிடம் மட்டும் இந்தப் பேச்சு எடுபடாது. அவர்களுக்காக எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஜோடியைத் தேடுவோம்.

இப்படித் தேடித் தேடி ஏற்றுவதில் காசு போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றுவது மூன்று நிமிஷம், ஏற்றி இறக்க எட்டு நிமிஷம். கூட்டம் இருப்பது ஆறு மணியில் இருந்து பதினொன்று வரைதான். தரை வாடகையை முன்னாலேயே கட்டியாகிவிட்டது, மழை வந்தாலும் அது திரும்பாது. வரிசையாக ஏற்றித் தள்ளினால் மணிக்கு ஒன்றிரண்டு ஓட்டம் கூடக் கிடைக்கும். அந்த ஆசை வராத ராட்டினக்காரர் கிடையாது. அதற்கு இடம் கொடுக்காதவரிடம் நீங்கள் மேலே தொங்குகிறீர்கள்.

(திரையில்: சுற்றும் ராட்டினம். இளைஞர்களின் கூச்சல்.)

“அண்ணா, வேகமா!” இந்தக் குரல் எல்லா ஊரிலும் வரும். ஏன் வேகத்தைக் கூட்ட மாட்டார்கள்? ஆரம் 25 அடி, ஒரு சுற்றுக்கு 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 50 கிலோ. உச்சியைத் தாண்டும்போது இருக்கை உங்களைத் தாங்குவது சுமார் 40 கிலோ அளவுக்குத்தான். அடியில் வரும்போது 60. வயிற்றில் அந்த ‘ஜிவ்’ வருவது இந்த வித்தியாசத்தால்தான். இப்போது வேகத்தை இரண்டு மடங்காக்கி 6 விநாடிக்கு ஒரு சுற்று விட்டால், வித்தியாசம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். உச்சியில் இருக்கை தாங்குவது ஏழெட்டுக் கிலோதான், கிட்டத்தட்ட மிதப்பீர்கள். அடியில் 92 கிலோ. அந்த 92-ஐ உங்களோடு சேர்த்துக் கொக்கியும் பின்னும் வெல்டிங்கும் தாங்க வேண்டும். மாமா இதெல்லாம் கணக்குப் போட்டவர் இல்லை. “வேகமா!” என்று கேட்டால் மைக்கில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். வேகம் கூடிவிட்டதாக நினைத்து அவர்களும் கத்துவார்கள்.

காற்று மட்டும் அவர் பயந்த விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசையும் நாலு மடங்கு. கோடை மழைக்கு முன்னால் மண் வாசனையோடு ஒரு சுழல்காற்று வருமே, அது வந்த நிமிஷம் டிக்கெட் கவுன்டர் மூடிவிடும்.

இப்போது என் தப்பு. எனக்குப் பதினாலு வயது. சிரசுத் திருவிழா ராத்திரி. ஜெனரேட்டர் டேங்கில் மூங்கில் குச்சி விட்டு டீசல் பார்ப்பது என் பொறுப்பு. குச்சியில் ஒரு வெட்டு இருக்கும். அதற்குக் கீழே ஈரம் இறங்கினால் கேனைத் தூக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வாணவேடிக்கை ஆரம்பித்தது. நான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்தோடு போய்விட்டேன். வானத்தில் பச்சையும் சிவப்புமாக வெடித்ததை வாய் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், மைதானத்தில் எங்கள் ராட்டினம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. முழு ஓட்டம் ஏறியிருந்தது. பன்னிரண்டு பெட்டியிலும் ஆள்.

டீசலைத் தீர விட்டால் குழாயில் காற்று ஏறிவிடும். ஊற்றினாலும் ஜெனரேட்டர் உடனே எடுக்காது. மாமா அதற்காக நிற்கவில்லை. பிரேக்கில் ஒருவரை நிறுத்தினார், வளையத்தைப் பிடிக்க நாலு பேர். பிரேக்கை மெல்லத் தளர்த்தியதும், அந்த நாலு பேரும் கையாலேயே இழுத்துச் சுற்றினார்கள். கனக்கவே இல்லை. எடை அவ்வளவு சரியாக உட்கார்ந்திருந்தது. ஒன்றாம் பெட்டியை இறக்கினார்கள். அரைச் சுற்று, ஏழாம் பெட்டி. கால் சுற்று, நாலு. அரைச் சுற்று, பத்து. ஏற்றிய அதே வரிசையில் டார்ச் வெளிச்சத்தில் நாற்பது நிமிஷம். கடைசிப் பெட்டியில் இருந்து இறங்கிய பாட்டி ஒருவர், “இன்னாபா, இன்னிக்கு ரொம்ப நேரம் சுத்துனீங்க” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா என்னை அடிக்கவில்லை. மூங்கில் குச்சியை வாங்கி, அந்த வெட்டுக்கு நாலு விரல் மேலே இன்னொரு வெட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “மாப்ள, உனக்கு இந்தக் கோடு” என்றார்.

(திரையில்: விடியற்காலை. பாதி பிரித்த ராட்டினம்.)

திருவிழா முடிந்தால் பிரிக்கும் வேலை. அதிலும் இதே கதைதான், ஒரு பெட்டியைக் கழற்றினால் அடுத்தது எதிர்ப்பெட்டி. ஒரே பக்கமாகக் கழற்றிக்கொண்டு போனால் வெறும் இரும்பே உருண்டுவிடும். போல்ட்டெல்லாம் டீசலில் கழுவி டப்பாவில். முதலில் பெட்டிகளை லாரியில் ஏற்றி, அவற்றின் மேல் ஆரங்கள், பக்கவாட்டில் தூண்கள். கட்டைகளை மண் தட்டிக் கடைசியாகத்தான் ஏற்றுவோம். அடுத்த ஊரில் முதலில் இறங்க வேண்டியவை அவைதான்.