எலும்பு கூடும் வரை

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கால் எலும்பு முறிந்து கூடாமல் கிடக்கும் நம் விவசாயிக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்யப் பணம் சேர்க்கத்தான் கூடியிருக்கிறோம். போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். காலை நீட்டிக் காட்டினார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில், கால் லேசாக அசைகிறது. பார்க்கவே பதறியது. முறிந்து பத்து மாதமாகிறது. "வலி பழகிடுச்சுங்க. வரப்புல நிக்க முடியலையே, அதுதான்" என்றார். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியின் இலை முழுக்கத் துரு.

"ஒரு தடவைதான் ஆபரேஷன் செய்தாச்சே, மறுபடியும் எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இந்த எலும்பு பெரும்பாலும் நாலு, ஆறு மாதத்தில் கூடிவிடும். ஒன்பது மாதம் கடந்தும், கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், இனி அது தானாகக் கூடாது என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர் காலை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று யாரும் பேச வேண்டாம். அந்த எலும்பின் கீழ்ப்பகுதியில் சதைப்பற்று குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. உள்ளே வைத்த தகடு தளர்ந்தாலோ கிருமி புகுந்தாலோ கூடுவது நின்றுபோகும்.

இப்போது பழைய தகட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து, புதிதாக ராடு, அதாவது எலும்பைத் தாங்கும் உலோகக் கம்பி, போட வேண்டும். இத்தனை நாள் கழித்துக் கூடுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி, பல ஆண்டுகளாகக் கூடாத காலோடு 1980-ல் சோவியத் நாட்டின் குர்கன் நகரில் இருந்த மருத்துவர் இலிசாரோவைத் தேடிப் போனார். வெளியிலிருந்து வளையம் மாட்டி அவர் காலைச் சரிசெய்தார் இலிசாரோவ்.

சரி, பணத்துக்கு வருவோம். ஆபரேஷன் செலவு சேர்ந்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. அதற்கப்புறமும் பல மாதம் அவர் பாரம் தூக்கக் கூடாது, சேற்றில் இறங்கக் கூடாது. வீட்டில் காசில்லாமல் போனால் என்ன செய்வார்? ஊன்றுகட்டையை ஓரமாக வைத்துவிட்டு வயலுக்குப் போவார். நாம் போட்ட ராடு அந்தச் சேற்றிலேயே வளையும். வருமானம் இல்லாத மாதங்களுக்கான வீட்டுச் செலவு, எக்ஸ்ரே, மருந்து, பிசியோதெரபி, போக்குவரத்து, உழவுக்கு ஆள் கூலி எல்லாமே இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் என்று பன்னிரண்டு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எல்லோரும் எழுதிவிடுவீர்கள், தெரியும். ஏழாவது, எட்டாவது பக்கத்துக்கு யார் வருகிறீர்கள்?