வீட்டுக் கதவைத் தட்டும் முன்: சமூகப்பணி என்னும் தொழில்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயில் வாசலில் அன்னதானம் போடுகிறவரைச் சமூக சேவகர் என்கிறோம். ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம். மருத்துவமனையிலோ குழந்தைகள் இல்லத்திலோ வேலை பார்க்கும் சமூகப் பணியாளருக்கும் அதே பெயரையே வைத்துவிடுகிறோம். இரக்கம் மூவருக்கும் உண்டு. மூன்றாமவருக்கு அது போதாது. அவர் அதற்கென்று படித்தவர், மேற்பார்வையில் களப்பணி பழகியவர், தவறு நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இது தொழில்தானா என்ற கேள்வி பழையது. லண்டனில் 1869-இல் தொடங்கிய அறக்கொடை அமைப்புச் சங்கம், உதவி கேட்டவர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி விசாரித்தது. 'இவர் உதவிக்குத் தகுதியானவரா?' என்பதுதான் அந்த விசாரணையின் நோக்கம். 1915-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆபிரகாம் பிளெக்ஸ்னர், சமூகப்பணியை முழுமையான தொழிலாக ஏற்க முடியாது, அதற்கென்று தனி நுட்பம் இல்லை என்று ஒரு மாநாட்டில் பேசினார். இரண்டே ஆண்டுகளில், 1917-இல், அமெரிக்கச் சமூகப் பணியாளர் மேரி ரிச்மண்ட் அந்த நுட்பத்தை ஒரு பெரிய நூலாகவே எழுதிவிட்டார். ஒரு குடும்பத்தின் நிலையை அறிய யாரைக் கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது, எதை வைத்து முடிவுக்கு வருவது என்று வரிசையாகச் சொன்னார். நம் நாட்டில் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936-இல் பம்பாயில் வந்தது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒன்றைத் தொடங்கினார்.

வரலாறு இருக்கட்டும். சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலைக்குப் போவோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனம் படைத்த ஒருவர் மலையேறிப் போகிறார், பையும் சீருடையும் கொடுக்கிறார், 'படிப்பை விட்டுடாதே கண்ணு' என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். அடுத்த வாரமும் அவள் வருவதில்லை.

சமூகப் பணியாளர் முதலில் மாதத்தைப் பார்ப்பார். நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிக்கும் காலம். அம்மா விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட, கைக்குழந்தையை இவள் பார்த்துக்கொள்கிறாளா? அப்படியானால் தேவை குழந்தைக் காப்பகம். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்று 1951-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருக்கிறது. ஒருவேளை, வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் தனியாக நடக்கவிட வீட்டில் பயப்படுகிறார்களா? அதற்கு விடுதியோ துணையோ பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகை நின்றுபோனதா? பழங்குடிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர், மனு அங்கே போக வேண்டும். மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களா? அப்போது அது குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் வரும் விஷயம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே சொல்லியாக வேண்டும். வெளியே தெரிவது ஒன்றுதான், பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. காரணம் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பையும் சீருடையும் நான்கில் ஒன்றையும் தீர்க்காது.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பறிப்புக் காலத்தில் பகல் பதினொரு மணிக்குப் போனால் வீடு பூட்டித்தான் இருக்கும். 'மூன்று முறை சென்றும் குடும்பம் ஒத்துழைக்கவில்லை' என்று பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு அந்தக் கோப்பைப் படிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் குடும்பத்தைப் பொறுப்பற்றதாகவே பார்ப்பார்கள். வேலை முடிந்து திரும்பும் மாலையில் போயிருந்தால் அந்த வரியே வந்திருக்காது. நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாட்டிய ஜீப்பை வாசலிலேயே நிறுத்துவதும் தவறு, டீக்கடையில் காரணத்தைச் சொல்லி வழி கேட்பதும் தவறு. மலைக் கிராமத்தில் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

எழுதுவதிலும் கட்டுப்பாடு வேண்டும். 'தகப்பன் குடிகாரர்' என்பது தீர்ப்பு. 'சனிக்கிழமை கூலி வாங்கியதும் குடிப்பதாக மனைவி சொன்னார், நான் சென்ற இரு மாலைகளிலும் அவர் நிதானமாக இருந்தார்' என்பது பதிவு. கண்டது, கேட்டது, நாம் நினைப்பது இவை மூன்றும் தனித்தனியாக, அன்றிரவே எழுதப்பட வேண்டும். இரண்டு நாள் போனால் நாம் நினைத்தது கண்டதோடு கலந்துவிடும்.

அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக், பணியாளருக்கும் உதவி பெறுபவருக்கும் உள்ள உறவுக்கு 1957-இல் ஏழு நெறிகளை வகுத்தார். அவற்றில் கடைப்பிடிக்கக் கடினமானது, சம்பந்தப்பட்டவரே முடிவெடுக்க விடுவது. இதை விளக்கச் சேலத்தை விடப் பொருத்தமான ஊர் இல்லை. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இங்கேதான். பெற்றவளிடம் கேள்வி கேட்காமல் பிள்ளையை ஏற்றுக்கொண்ட திட்டம் அது. அந்த ஏழில் ஒன்றான பழி சொல்லாமை என்ற நெறி அதில் இருந்தது. ஆனால் வறுமையிலும் மாமியார் வீட்டு நெருக்கடியிலும் பிள்ளையைத் தருகிற தாய், உண்மையில் தானாக முடிவெடுத்தவளா? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு முதலில் ஆலோசனை தரவேண்டும். ஒப்படைத்த பிறகும் மறுபடி யோசிக்க 2 மாத அவகாசம் உண்டு. அந்த 2 மாதத்தில் பணியாளர் எத்தனை முறை அந்தத் தாயைப் பார்த்தார், பணமும் ஆதரவும் கிடைத்தால் வளர்ப்பாயா என்று கேட்டாரா என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 'வைத்துக்கொள்' என்று வற்புறுத்துவதும் கூடாது, 'கொடுத்துவிடு' என்று அவசரப்படுத்துவதும் கூடாது.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும். எனவே 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று பிள்ளையிடம் சத்தியம் செய்யக்கூடாது. 'உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன்' என்று பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

களப்பணிக்கு வரும் மாணவர்கள் தேர்வு நெருங்கியதும் சொல்லாமல் நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். நாலு மாதம் மனம்விட்டுப் பேசிய குடும்பம் ஏமாந்துபோகிறது, அடுத்து வருபவருக்குக் கதவு திறப்பதில்லை. எந்த மாதம் வரை வருவோம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். கடைசி மூன்று வருகைகளில் அதை நினைவூட்டுங்கள். அடுத்த பணியாளரை நேரில் கூட்டிப்போய், அந்த அம்மாவிடமும் பிள்ளையிடமும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய பிறகு கோப்பை ஒப்படையுங்கள்.

வணக்கம்.