விமானி வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் லாக்புக்கைத் திறந்து பாருங்கள்: அம்பாசமுத்திரம் தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, நான் 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தனியார் விமான நிறுவனங்களுக்கு எப்படி விண்ணப்பிக்க வேண்டும்? மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தால் ஒரு நிறுவனத்தில் சேர்த்துவிடுவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். ஏற்கெனவே அப்பா வயலை ஒத்திக்கு வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், தம்பி. முறையாக ஆள் எடுக்கும் நிறுவனம் தன் இணையதளத்தில் அறிவித்து, தேர்வு வைத்து, நேர்காணல் நடத்தித்தான் எடுக்கும். இடையில் ஒருவர் நின்று பணம் வாங்கிக்கொண்டு வாசலைத் திறந்துவிடும் ஏற்பாடு அங்கே கிடையாது. ஒத்தியை மீட்க வேண்டிய பணத்தை இப்படி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தந்தையும் மகனும் தவித்து நின்றதை நான் பாளையங்கோட்டையிலேயே பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால், பறந்த மணி நேரத்தையெல்லாம் பதிந்து வைக்கும் உங்கள் லாக்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் உட்காருங்கள். நிறுவனம் உங்களை அறிவது அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான். உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தில் குறைந்தது 100 மணி நேரம் நீங்களே பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்ற விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்பதும், அதற்குள் கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது) 20 மணி நேரம் இருக்க வேண்டும், அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும், இரவுப் பறத்தல் 5 மணி நேரமும் அதில் பத்து முறை ஏறி இறங்கியதும் பதிவாகியிருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் அடுத்த பக்கத்துக்குச் சரியாக ஏறியிருக்கிறதா, பயிற்றுநரின் கையொப்பம் விடுபடாமல் இருக்கிறதா, விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் எழுதும் எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பலர் பார்ப்பதே இல்லை. நான் முதன்முதலில் விண்ணப்பித்தபோது ஒரு பக்கத்தின் இரவு மணிக்கணக்கு அடுத்த பக்கத்துக்கு ஏறாமல் போயிருந்தது. நேர்காணலில் அதைக் கண்டுபிடித்தவர்கள் கேள்வி எதுவும் கேட்காமல் கோப்பை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்துப்பிழை என்று நான் நினைத்ததை அவர்கள் நம்பகத்தன்மையின் குறை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததுதான் சரி. 2011-இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் நம் நாட்டில் பிடிபட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கண்டிப்பு எதற்காக என்பது விளங்கும்.

அடுத்தது, உரிமம் கையில் இருப்பது வேறு, அது நடப்பில் இருப்பது வேறு. ஒன்றரை வருடம் சும்மா இருந்திருக்கிறீர்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதி) சோதனையின் காலம் முடிந்திருக்கும். முதல் வகுப்பு மெடிக்கல் என்னும் உடல்தகுதிச் சான்றின் தேதியையும் பாருங்கள். இந்த இரண்டையும் புதுப்பித்து, விமானிகளுக்கு உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் இ-ஜிசிஏ இணையதளத்தில் உங்கள் விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். ஏஜென்ட் கேட்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவழித்தால் அது உங்கள் உரிமத்திலேயே பதிவாகி நிற்கும்.

தனியார் நிறுவனம் என்றதும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் வந்து இறங்கும் பயணிகள் விமானம் மட்டுமே நமக்கு நினைவுக்கு வருகிறது. கால அட்டவணை இல்லாமல் வாடகைக்குப் பறக்கும் சிறு நிறுவனங்களும் உண்டு; கிங் ஏர் போன்ற சிறு விமானங்களை வைத்திருப்பார்கள். பெரிய நிறுவனங்களில் ஏர்பஸ் 320, போயிங் 737 அல்லது ஏடிஆர் விமானத்துக்கான டைப் ரேட்டிங் (அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) கேட்பார்கள். அதைச் சொந்தச் செலவில் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பது, வயலை ஒத்திக்கு வைத்த குடும்பத்துக்கு இன்னொரு பெரிய கடன். வேலை உறுதியாகாமல் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சிறு நிறுவனத்தில் நேரம் காலம் பார்க்க முடியாது, பயணியின் பெட்டியைக்கூடக் கோ-பைலட் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். ஆனால் பறக்கும் மணி நேரம் சேரும், அதுவும் பலவகை ஓடுதளங்களில் சேரும். நிறுவனமே பயிற்சிக்குச் செலவு செய்தால் எத்தனை வருடம் பாண்ட் (விலகாமல் வேலை செய்வதற்கான ஒப்பந்தம்) என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்னால் வரிவரியாகப் படியுங்கள். பின்னாளில் விலக நினைத்தால் கோ-பைலட் 6 மாதமும், கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று டிஜிசிஏ விதியே இருக்கிறது.

நேர்காணலில் வானிலையும் விமான வழிசெலுத்தலும் கட்டாயம் வரும். ஆடி மாதத்தில் நம் பக்கம் கணவாய் வழியாக மேற்குக் காற்று எப்படி வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓடுதளத்துக்கு 30 பாகை விலகி 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் காற்று அடித்தால் பக்கக்காற்று எவ்வளவு என்று கேட்பார்கள்; சைன் 30 அரை என்பதால் 10 நாட் என்று தாள் எடுக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றரை வருட இடைவெளி எதனால் என்றும் கேட்பார்கள். வீட்டுச் சூழ்நிலையை உள்ளபடியே சொல்லுங்கள். அதை மறைத்து இல்லாத மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் குற்றம்.

இந்த வாரம் மெடிக்கலுக்குத் தேதி வாங்குங்கள், தம்பி. அதற்கிடையில் லாக்புக்கின் கூட்டலைப் பென்சிலால் ஒரு தாளில் மறுபடி போட்டுப் பாருங்கள். எங்காவது எண் பொருந்தவில்லை என்றால் நீங்களாகத் திருத்தாமல், உங்களுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிக்கே எடுத்துச் சென்று அவர்கள் கையொப்பத்தோடு திருத்தி வாங்குங்கள்.