கேட்க ஆள் இருக்கும்போதே

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

குடும்பத்தின் வேர்களைக் கண்டறியப் பெரிதும் கைகொடுப்பது இணையமா, வீட்டுப் பெரியவர்களா என்பது இன்றைய தலைப்பு. நான் பெரியவர்கள் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தோழி, முன்னோரைத் தேட உதவும் பேமிலிசர்ச் தளத்தைப் பற்றிச் சொன்னார். 1894-இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய சங்கத்தின் தளம் அது. பல நாடுகளில் சேர்த்த, பழைய பதிவேடுகளைப் படமெடுத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021-இல் கணினிக்கு மாற்றி முடித்துவிட்டார்கள், தேடக் காசும் கிடையாது என்றார். உண்மைதான். நானும் அதில் கணக்கு வைத்திருக்கிறேன், இரவு இரண்டு மணிவரை விழித்துத் தேடியிருக்கிறேன். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, தேட உட்கார்ந்ததும் அது நம்மிடம் என்ன கேட்கிறது? பெயர், அடுத்து குடும்பப் பெயர். தக்கலைக்காரியான நான் அங்கே எதைப் போடுவேன்? எனக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அப்பாவுக்கு அது வேறு, தாத்தாவுக்கு இன்னும் வேறு. நம்மை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது விளையின், அதாவது வீடிருக்கும் தோப்பின் பெயரோடு சேர்ந்த வீட்டுப்பேர். கல்யாணத்துக்குப் போனால் "எந்த வீடு மக்கா?" என்று கேட்பார்களே, அந்தப் பெயர். நான் தேடியவரை எங்கள் வீட்டுப்பேர் ஒரு தளத்திலும் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். எங்கள் உறவினர் ஒருவர் இணையத்தில் வரைந்த குடும்ப மரத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். பிரித்துக் கொடுத்தவர் என் பாட்டி, அம்மச்சி.

அம்மச்சிக்கு இப்போது 90 வயது. அவருடைய மூத்த அண்ணன் தேயிலைத் தோட்ட வேலைக்குச் சிலோன் போனவர். "தொண்ணூற்றொம்பதுல பொறந்தவன்" என்றுதான் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். என் தம்பி 1899 என்று போட்டு இரண்டு மாதம் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் முற்றத்தில் சம்மணமிட்டுப் பயறு உடைத்துக்கொண்டிருந்த அம்மச்சியிடம் கேட்டோம். கை நிற்கவில்லை, தலை மட்டும் நிமிர்ந்தது. "அது கொல்லம் ஆண்டுலா மக்கா. ஆயிரத்தித் தொண்ணூற்றொம்பது, வெள்ளம் வந்த வருசம்."

கொல்லம் ஆண்டு என்பது மலையாள ஆண்டுக் கணக்கு. திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் கொல்லம் 1099-இல், அதாவது 1924 ஜூலையில் வந்தது. கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், தை மாதம் வாக்கில் ஆங்கில ஆண்டு மாறிய பிறகு 825. இந்தக் கணக்கு இணையத்தில் இருக்கிறது என்று எதிரணியினர் சொல்லலாம். இருக்கிறது. ஆனால் எங்கள் தொண்ணூற்றொம்பது கொல்லத்துத் தொண்ணூற்றொம்பது என்று எந்தத் தளம் சொல்லியிருக்கும்? அம்மச்சியின் ஒரு வார்த்தையில் தேடல் 25 ஆண்டுகள் நகர்ந்தது.

இன்னொன்று. நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு முன் திருவிதாங்கூர், கடைசி ஏழு ஆண்டுகள் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சி. நம் முன்னோரை மதராஸ் ஆவணங்களில் தேடுவது பக்கத்து வீட்டு அலமாரியில் நம் துணியைத் தேடுவது போல. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் நாலாக மடித்த ஒரு பிரமாணம், அதாவது நிலப் பத்திரம் இருக்கிறது. மடிப்பு வழியே கிழிந்து, நாலு துண்டாகத்தான் விரிக்க முடியும். எழுத்து மலையாளம். மலையாளப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்த அம்மச்சி, கண்ணாடியை மூக்கில் இறக்கி விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தார். நிலத்தின் எல்லையைச் சொல்லும் இடத்தில் வரும் ஒரு பெயரைத் தொட்டு, "இவன் எங்க அம்மைக்க மாமன்" என்றார். அந்த உறவு பிரமாணத்தில் எழுதியிருக்கவில்லை.

நாஞ்சில் வேளாளர் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மருமக்கள்வழி இருந்த காலத்தில் காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின் சொத்து அவருடைய சகோதரி மகனுக்குப் போனது. 1926-இல் வந்த சட்டம்தான் அதை மாற்றியது. அப்பா, மகன், பேரன் என்று மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பார்ப்பவருக்கு, நிலம் ஏன் மருமகன் பெயரில் இருக்கிறது என்பது புரியாது. அந்தக் கோட்டை எங்கே திருப்ப வேண்டும் என்று அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

மிஷன் கடிதங்களையும் எதிரணி காட்டியது. 1806-இல் லண்டன் மிஷனின் போதகர் ரிங்கல்தௌபே நம் மயிலாடிக்கு வந்தார், 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது, லண்டன் மிஷன் காகிதங்கள் இன்றைக்கும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும். அடுத்த வருடமும் இருக்கும், என் மகள் படித்து முடித்த பிறகும் இருக்கும். அதனால்தான் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், நடுவர் அவர்களே. தளம் காத்திருக்கும். அம்மச்சி காத்திருக்க மாட்டார்.

சிலோன் போன அந்த அண்ணன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். ஒரு தடவை மனைவியோடு ஊருக்கு வந்திருக்கிறார். அந்த அண்ணிதான் அம்மச்சிக்குத் தலைபின்னி விட்டவர். போன மாதம் அந்த அண்ணியின் பெயரை அம்மச்சியிடம் கேட்டேன், போனில் பதிவும் போட்டிருந்தேன். "மயினிக்க பேரு..." என்று தொடங்கினார். அப்புறம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவில் அதற்கு மேல் இருப்பது கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் மட்டும்.

இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்போது நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை மறுபடியும் அம்மச்சியிடம் போகிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.