அட்வான்ஸில் பிடித்த முப்பத்தெட்டாயிரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வாடகை வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்று என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் சாவியைக் கொடுத்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே வருகிறார்கள். அப்போது வீட்டில் வேறு குடும்பம் குடியேறியிருக்கும். சுவருக்குப் புது வண்ணம் அடித்தாகியிருக்கும். பழைய சுவர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது.

சென்ற ஆண்டு சென்னையைச் சேர்ந்த ஒருவர் வந்தார். மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். ஐந்து ஆண்டுகள் ஒரு மாத வாடகைகூடத் தவறாமல் கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைத்தது 62,000 ரூபாயும், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஓர் அரைத்தாளும். அதில் பெயின்டிங் 22,000, ஆணி ஓட்டை அடைத்தது 3,000, கிளீனிங் 4,000, இதர செலவு 9,000 என்று எழுதியிருந்தது. எந்தத் தொகைக்கும் ரசீது இல்லை. எல்லாச் செலவையும் எழுதி முடித்த பிறகும் மிச்சமிருக்கும் அந்த ‘இதர செலவு’ என்ன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்றும், குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றைச் சரிசெய்வது வாடகைதாரரின் பொறுப்பு என்றும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. குடியிருந்தால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு, அதாவது நாள்காட்டி மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிவதற்கோ, அடுப்புக்குப் பின்சுவர் சற்று மங்கிப்போவதற்கோ, வாடகைதாரர் பணம் கட்ட வேண்டியதில்லை. குழந்தை கதவை உடைத்திருந்தால் அது வேறு கதை.

ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மூன்று மாத வரம்பும் சரி, பராமரிப்புப் பங்கீடும் சரி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரையில்தான் செல்லும். என்னிடம் வந்தவருடைய ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பத்தியில், ‘காலி செய்யும்போது பெயின்டிங் செலவு வாடகைதாரரைச் சேரும்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. முத்திரைத்தாள் விற்கிற இடத்திலேயே அடித்துக் கொடுக்கும் வழக்கமான படிவம் அது. அவர் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியதும் கிளீனிங்குக்கும் இதர செலவுக்கும் பிடித்த 13,000 ரூபாய் வந்து சேர்ந்தது. பெயின்டிங் தொகையில் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே அட்வான்ஸைப் பற்றிய பேச்சைக் காலி செய்யும்போது அல்ல, குடிபோகும் முன்பே பேசிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படியொரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் இணங்காவிட்டால் ‘ஒரு மாத வாடகைக்கு மிகாமல்’ என்றாவது எழுத வையுங்கள். ஒப்பந்தத்தை இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வலியுறுத்துங்கள். பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தோடு ஒருவர் வந்தால் எங்கள் கையும் பாதி கட்டப்பட்டுவிடுகிறது.

திருப்பித் தரமாட்டார் என்ற பயத்தில் கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல், ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காத வரை அது வாடகை பாக்கிதான். அதுவரை நியாயத்தின் பக்கம் இருந்தவர் அன்றோடு பாக்கிக்காரராகிவிடுகிறார்.

காலி செய்யும் நாளன்று, சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகு, வெறும் வீட்டை அறை அறையாகக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மின்மீட்டரில் உள்ள எண்ணையும் விட்டுவிட வேண்டாம். பிறகு உரிமையாளரையும் உடன் அழைத்துச் சென்று வீட்டைச் சுற்றிக் காட்டி, சாவி பெற்றுக்கொண்ட தேதி, மின்கட்டண நிலுவை, பிடித்தம் ஏதேனும் இருந்தால் அதற்கான காரணம், திருப்பித் தர வேண்டிய தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் கையெழுத்திடத் தயங்கினால், அதே விவரங்களை அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பிலும், மறுநாள் பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீடு போஸ்ட் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். சட்டம் சொல்லும் ஒரு மாதக் கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அந்தத் தபால் ரசீதே உங்கள் சாட்சி.

நன்றி, வணக்கம்.