ஆம்ஸ்டர்டாம்: அண்ணாந்து பார்த்து நடக்க வேண்டிய ஊர்

அவையோருக்கு வணக்கம். ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் படகில் ஒரு மணி நேரம் சுற்றுகிறார்கள், ஓவியர் ரெம்பிராண்டின் படங்களைப் பார்க்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊரின் முதல் அருங்காட்சியகம் தெருவிலேயே இருக்கிறது. சீட்டு வேண்டாம், வரிசையும் இல்லை.

பழைய நகரை அரைவட்டமாகச் சுற்றி நான்கு கால்வாய்கள். உள்ளே சிங்கல், அடுத்தடுத்து ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். இந்தப் பின் மூன்றையும் வெட்டத் தொடங்கியது 1613-இல். அதே 1613-இல்தான் நம் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஒரே வாணிபத்தின் இரண்டு முனைகள் அவை. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மட்டுமா போயிற்று? அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். அடிமை வணிகத்தில் தம் நகருக்கு இருந்த பங்குக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் 2021 ஜூலை 1 அன்று மன்னிப்புக் கேட்டார். கால்வாய்க்கரை வீடுகளின் முகப்புகளை ரசிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கால்வாய் வீட்டின் முன் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி. உள்ளே படிக்கட்டு ஒற்றை ஆள் ஏறவே திணறும். அவ்வளவு குறுகல், அவ்வளவு செங்குத்து. அதனால் சரக்கைக் கயிறு கட்டி வெளிவழியாகவே பரணுக்கு இழுத்தார்கள். மூட்டை சுவரில் உரசக் கூடாதென்று முகப்பையே தெருப்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினார்கள். ஆக, முன்சாய்வு தெரிந்தே செய்தது.

பக்கச்சாய்வு அப்படியல்ல, அது கோளாறு. மேலே வெறும் சதுப்பு மண். உறுதியான மணல் சுமார் 12 மீட்டர் ஆழத்தில். அதுவரை மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் வீட்டை நிறுத்தினார்கள். டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 கட்டைகள். நீரில் மூழ்கியிருக்கும்வரை கட்டை எளிதில் அழுகாது. காற்றில்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலையில்லை. நிலத்தடி நீர் இறங்கிக் கட்டையின் தலை காற்றுப்பட்டால் அழுகல் தொடங்கும், வீடு ஒருபக்கம் அமுங்கும். ஜன்னல் சட்டங்களைக் கவனியுங்கள்: மூலை கோணியிருந்தால் கீழே அடித்தளம் இறங்கியிருக்கிறது.

இனி சீட்டு விஷயம். நாஜிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் இல்லம், பிரின்சன்கிராக்ட் 263. வாசலில் சீட்டு விற்பதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்த ஊர் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் நாள்களுக்கான சீட்டுகள் இணையத்தில் திறக்கும். நமக்கு அது கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. விமானச் சீட்டு எடுத்துவிட்டு நிதானமாக இதைத் தேடுகிறவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். வான்கோ அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த இணையச் சீட்டுதான். நகரச் சுற்றுலா அட்டை வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். இந்த இரண்டும் அதில் சேராது. டிராமில் ஏறும்போது வங்கி அட்டையைக் காட்டினால் போதும். இறங்கும்போதும் மறக்காமல் காட்ட வேண்டும்.

நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரெய்க்ஸ் மியூசியம் காலை 9 மணிக்குத் திறக்கும். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' 1642-இல் வரைந்தது. 1715-இல் நகரமன்றத்துக்கு, அதாவது இன்றைய அந்த டாம் அரண்மனைக்கு, கொண்டுபோனபோது இரண்டு கதவுகளுக்கு நடுவே அடங்கவில்லையென்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். அதிகம் போனது இடப்பக்கம். இரண்டு உருவங்கள் அங்கே காணாமற்போயின. கெரிட் லுண்டென்ஸ் என்ற ஓவியர் முன்பே எடுத்துவைத்த சிறிய பிரதியால்தான் முழு ஓவியம் எப்படியிருந்தது என்று தெரிகிறது.

அங்கே கூட்டம் நெரித்தால் நேரே ஆசியக் கூடத்துக்கு நடையைக் கட்டுங்கள். நீர் சூழ்ந்த தனிக் கட்டடம், பலர் கண்ணில் படுவதேயில்லை. உள்ளே நம் சோழ நாட்டு நடராசர், ஏறக்குறைய கி.பி. 1100-ஐச் சேர்ந்தவர், 153 செ.மீ. உயரம், சுமார் 300 கிலோ எடை. ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தபோது, திருவாசி உட்பட உள்ளே எங்கும் பொள்ளல் இல்லை, முழுவதும் கெட்டியாக வார்த்த வெண்கலம் என்று தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீர் அசைவதைப் பார்த்தபடி அவர் முன் கால்மணி நேரம் நிற்கலாம். யாரும் தள்ள மாட்டார்கள்.