திரைக்குப் பின்னால் கேளுங்கள்

தலைமை தாங்கும் அதிபர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலய பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, சாம்பல்தீவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மாதர் சங்க அங்கத்தவர்களே, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் எங்கள் படலை தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முலைக்காம்பு என்ற சொல்லை ஒலிவாங்கியில் சொல்லலாமா என்று நேற்று ஒருவர் கேட்டார். நெடுங்காலம் தாதியாகக் கடமையாற்றியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்குக் கூசியே பல பெண்கள் தங்கள் துன்பத்தை நீட்டிக்கொண்டார்கள். வைத்தியனிடமும் வக்கீலிடமும் ஒளிக்காதே என்பது முன்னோர் வாக்கு. காம்பில் வரும் கசிவின் வகைகள், வைத்தியரிடம் போகவேண்டிய வேளை ஆகிய இரண்டையும் இன்று பேச வந்திருக்கிறேன். பரிசோதனையையும் சிகிச்சையையும் பற்றி வைத்தியர் அம்மா சொல்வார்.

கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பால் கசிவது இயல்பு; பிள்ளைக்குப் பால் மறப்பித்த பிறகும் சிலருக்கு 2 ஆண்டுகள் வரை அது தொடரலாம். இவை எதுவுமின்றி இரு மார்பிலும் பால் வந்தால், தைரொயிட் சுரப்புக் குறைவோ, பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஓமோனின் மிகுதியோ, வாந்திக்கும் மனநோய்க்கும் எடுக்கும் சில மாத்திரைகளோ காரணமாகலாம். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதை அண்டிப் பல துவாரங்களிலிருந்து பச்சையாகத் தடித்து வருவது பெரும்பாலும் பாற்குழாய்கள் விரிவதனால் ஏற்படுவது.

ஆனால், அழுத்தாமல் தானாகவே, ஒரு மார்பில், ஒரே துவாரத்திலிருந்து, இரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ கசிந்தால் தாமதிக்க வேண்டாம். கட்டி தட்டுப்பட்டாலும், காம்பு புதிதாக உள்ளிழுத்தாலும், காம்பில் ஆறாத சொறி இருந்தாலும் அப்படியே. சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போகவேண்டும். ஆணுக்கு வந்தால் எந்தக் கசிவானாலும் காட்ட வேண்டும். வீட்டில் பிதுக்கிப் பிதுக்கிப் பார்க்காதீர்கள். அதனாலேயே கசிவு கூடும்.

என் சின்னம்மாவின் கதையைச் சொல்கிறேன். அப்போது நான் மட்டக்களப்பில் கடமையில் இருந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையில், இடப்பக்கத்தில், ஐந்து சதக் குற்றியளவில் பழுப்புக் கறை ஒன்று விழுந்தது. தேநீர் சிந்திவிட்டது என்று மகளிடம் சொன்னார். மறுநாளும் அதே இடத்தில் அதே கறை. பிறகு வீட்டார் எழும்ப முன்னர் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையைத் தனியாகத் தோய்க்கத் தொடங்கினார். ஒருநாள் துணிந்து ஒரு வைத்தியசாலைக்குப் போனார். வரிசையில் முன்னால் அயல்வீட்டு ஆண், பின்னால் சம்பந்தி வீட்டுப் பிள்ளை. மேசையில் இருந்தவர் உரத்த குரலில், "என்ன வருத்தம்?" என்று கேட்டார். சின்னம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தலையிடி" என்றார். பனடோல் குளிசைகளோடு வீடு திரும்பினார்! ஐந்து மாதம் கழித்து நான் விடுமுறையில் வந்தபோது, கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்துக் கேட்டேன். ஸ்கான் எடுத்தார்கள்; பாற்குழாய்க்குள் பப்பிலோமா என்ற சிறிய, மருப்போன்ற சதை வளர்ச்சி, புற்றுநோய் அல்ல. இரத்தக் கசிவுக்கு மிகப் பொதுவான காரணம் அதுதான். சிறிய சத்திரசிகிச்சையோடு முடிந்தது. ஐந்து மாதமும் அவர் சாவை நினைத்தபடியே கிணற்றடியில் நின்றிருக்கிறார்.

வைத்தியனிடம் ஒளிக்காதே என்று பெண்களுக்குச் சொல்லும் நாம், ஒளிக்காமல் சொல்ல அவர்களுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தோமா? 35 வயதைக் கடந்த பெண்களின் மார்பகத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இந்நாட்டில் இருக்கிறது. அங்கே போங்கள், உங்கள் மாமிமாரையும் மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயது குறைந்தவர்கள் கசிவு கண்டால் 35 வரை காத்திருக்க வேண்டாம்.

மேடையிலிருக்கும் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் ஒன்றே. எங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு கிளினிக்கிலும் வருத்தம் விசாரிக்கும் மேசை ஒரு திரைக்குப் பின்னால் இருக்கட்டும். அங்கே அவரவர் மொழியில் தாழ்ந்த குரலில் கேட்கட்டும். திரைத் துணியை எங்கள் சங்கம் தைத்துத் தரும். கதவின் அளவைச் சொன்னால் போதும்.